லைக்லிஹுட் புரொஃபைல் போடும் மென்பொருள்கள்: எதை நம்பலாம், எங்கே உற்றுப் பார்க்க வேண்டும்

ஐந்தே ஐந்து அளவீடுகள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்மல் பரவல்தான், ஆனால் சராசரியும் தெரியாது, வேரியன்ஸும் தெரியாது. மேக்ஸிமம் லைக்லிஹுட் முறையில், அதாவது கையில் இருக்கிற தரவு வருவதற்கான வாய்ப்பை (அதுதான் லைக்லிஹுட்) உச்சத்துக்குக் கொண்டுபோகும் மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையில், வேரியன்ஸ் சரியாக 1 என்று வருகிறது. இதற்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி கேட்டால், வழக்கமான வால்ட் முறை, அதாவது மதிப்பீட்டிலிருந்து 1.96 திட்டப்பிழை கீழே, 1.96 திட்டப்பிழை மேலே, -0.24 முதல் 2.24 வரை என்று பதில் சொல்லும். வேரியன்ஸ் எப்படி மைனஸில் போகும்? அதே ஐந்து எண்களுக்கு லைக்லிஹுட்டைப் புரொஃபைல் செய்து பார்த்தால் 0.36 முதல் 4.75 வரை என்று வருகிறது. கீழே கொஞ்சம், மேலே நிறைய. சின்ன சாம்பிளில் வேரியன்ஸைப் பற்றி நமக்கு இருக்கிற அறியாமை உண்மையிலேயே இப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து இருக்கும். வேரியன்ஸுக்குப் பதில் திட்டவிலக்கம் வேண்டுமென்றால் இரண்டு முனைக்கும் வர்க்கமூலம் எடுத்தால் போதும், 0.60 முதல் 2.18. திரும்பக் கணக்குப் போட வேண்டியதில்லை. வால்ட் முறையில் இது நடக்காது, எந்த அளவுகோலில் கணக்குப் போட்டோமோ அதைப் பொறுத்து பதில் மாறிவிடும்.

இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே பல வருடங்களாக எந்த மாடல் போட்டாலும் புரொஃபைல் எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அதற்காகப் பயன்படுத்திய மென்பொருள்களைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: முனை எண்கள் இரண்டை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறதா, இல்லை அந்த எண்களுக்குப் போய்ச் சேர்ந்த பாதையையும் காட்டுகிறதா? வேகம், அழகான வரைபடம், இதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

புரொஃபைல் என்றால் என்ன என்று புதிதாக வருகிறவர்களுக்காக. ஒரு மலைத்தொடரைத் தூரத்தில் பக்கவாட்டாக நின்று பார்த்தால் வானத்தை ஒட்டி ஒரு விளிம்புக்கோடு தெரியும் இல்லையா, அதுதான். அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் நம் பார்வைத் திசையில் அங்கே இருக்கிற உயரமான இடம். நமக்கு வேண்டிய பாராமீட்டரை, அதாவது மாடலில் நாம் மதிப்பிடுகிற எண்ணை, ஒரு மதிப்பில் பிடித்து வைத்துவிட்டு, மற்ற எல்லா பாராமீட்டர்களையும் இஷ்டத்துக்கு நகரவிட்டு, லைக்லிஹுட் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்க்கிறோம். பிறகு அடுத்த மதிப்பு, அதற்கடுத்த மதிப்பு. லாக் லைக்லிஹுட் உச்சியிலிருந்து 1.92 இறங்குகிற இரண்டு இடங்கள்தான் 95 சதவீத இடைவெளியின் முனைகள். அந்த 1.92 என்பது கை-ஸ்கொயர் பரவலின் 3.84இல் பாதி, 1938இல் வில்க்ஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து வருகிறது. மற்ற பாராமீட்டர்களை நகரவிடாமல் அப்படியே ஆணி அடித்து வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் நகர்த்தினால் அது மலையைக் கத்தியால் வெட்டிய குறுக்குவெட்டு, விளிம்புக்கோடு அல்ல. பாராமீட்டர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் குறுக்குவெட்டு ரொம்பக் குறுகலாக வரும், நாமும் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஏமாந்துபோவோம். சில மென்பொருள்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பெயர்களில் இருக்கின்றன, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஆர் என்கிற புள்ளியியல் மென்பொருள். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (நடந்தது, நடக்கவில்லை என்கிற விளைவுக்கான மாடல்) மாதிரியான ஜிஎல்எம், அதாவது பொதுமைப்படுத்திய நேரியல் மாடலுக்கு 'கான்ஃபின்ட்' என்று அடித்தால் அது தானாகவே புரொஃபைல்தான் செய்யும். நெடுங்காலமாக இதற்கான நிரல் மாஸ் பேக்கேஜில் இருந்தது, 2024இல் வந்த ஆர் 4.4.0இலிருந்து அடிப்படை ஸ்டாட்ஸ் பேக்கேஜுக்கே வந்துவிட்டது. "புரொஃபைலிங் முடியக் காத்திருக்கிறோம்" என்கிற அர்த்தத்தில் ஒரு வரி திரையில் வரும், பலர் அதைப் பார்த்திருப்பார்கள், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பாராமீட்டருக்கும் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய அரை திட்டப்பிழை அளவு அடியெடுத்து வைத்து, ஒவ்வொரு அடியிலும் மாடலைத் திரும்பப் பொருத்தி, கிடைத்த புள்ளிகள் வழியாக ஸ்ப்லைன் வளைகோடு போட்டு முனையைக் கண்டுபிடிக்கிறது. பக்கத்துக்குப் பத்து அடிதான் இயல்பாக வைத்திருக்கும் வரம்பு. வால்ட் இடைவெளிதான் வேண்டும் என்பவர் 'கான்ஃபின்ட் டிஃபால்ட்' என்று தனியாகக் கேட்க வேண்டும். சரியான பதில் சும்மா கேட்டாலே வருகிறது, குறுக்குவழி வேண்டுபவர்தான் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

லாஜிஸ்டிக்கில் இதன் அருமை தெரிகிற இடம் ஒன்று உண்டு. ஹாக், டானர் இருவரும் 1977இல் எழுதிய விஷயம்: விளைவு பெரிதாகப் பெரிதாக ஒரு கட்டத்துக்கு மேல் வால்ட் அளவை திரும்பச் சின்னதாகிக்கொண்டே வரும். அதாவது மிகத் தெளிவாக வேலை செய்கிற ஒரு காரணியை "முக்கியமில்லை" என்று அட்டவணை சொல்லிவிடும். ஒரு குழுவில் ஒருவருக்குக்கூட அந்த நிகழ்வு நடக்கவில்லை என்றால் திட்டப்பிழை ஆயிரக்கணக்கில் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் புரொஃபைல் நேர்மையாக நடந்துகொள்கிறது: ஒரு பக்கம் முடிவிலி, மறுபக்கம் ஒரு திட்டமான எண். பத்துப் பேரில் யாருக்கும் நடக்காத நிகழ்வு என்றால், நிகழ்தகவின் மேல்முனையைக் கையாலேயே போடலாம், 0.175 வரும். கீழ்முனை 0, லாஜிஸ்டிக் மாடல் வேலை செய்கிற லாஜிட் அளவுகோலில் மைனஸ் முடிவிலி. ஆரில் இப்படிப்பட்ட மாடலுக்கு முடிவிலிக்குப் பதிலாக எண் இல்லை என்கிற குறியும், பொருத்திய நிகழ்தகவுகள் 0 அல்லது 1 ஆகிவிட்டன என்கிற எச்சரிக்கைகள் வரிசையாகவும் வரும். "இந்தப் பக்கம் எல்லை கிடையாது" என்று தெளிவாக எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியாக இருந்திருக்கும், ஏனென்றால் அந்த வெற்றுக்குறியைப் பார்த்தவுடன் மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் வால்ட் எண்ணுக்குத் திரும்பிப் போய்விடுகிறார்கள். போகக் கூடாத இடம் அதுதான்.

ஆரில் இன்னொன்று, அதிகம் பேர் கண்டுகொள்ளாதது. 'புரொஃபைல்' என்று தனியாகக் கூப்பிட்டால் வரும் பொருளுக்குள்ளே ஒவ்வொரு அடியிலும் மற்ற பாராமீட்டர்கள் எங்கே போய் நின்றன என்கிற அணியும் (மேட்ரிக்ஸ்) பத்திரமாக இருக்கிறது. எனக்கு இதுதான் பொக்கிஷம். ஏன் என்று ஒரு அனுபவத்தோடு சொல்கிறேன்.

ஒரு நொதி வினையின் வேக அளவீடுகள் என்னிடம் வந்தன. மைக்கேலிஸ்-மென்டன் மாடல், இரண்டே பாராமீட்டர்கள்: உச்ச வேகம் ஒன்று, பாதி வேகத்தை எட்டும் செறிவு இன்னொன்று. பொருத்தம் அழகாக வந்தது, வளைகோடு புள்ளிகள் மேல் படிந்திருந்தது, திட்டப்பிழைகள் கொஞ்சம் பெரிசு, ஆனால் அசிங்கமாக இல்லை. பாதி வேகச் செறிவுக்குப் புரொஃபைல் போட்டால் இடது பக்கம் ஒழுங்காக இறங்குகிறது, வலது பக்கம் கொஞ்சம் இறங்கிவிட்டு அப்படியே படுத்துவிட்டது. 1.92ஐத் தொடவே இல்லை. உள்ளே இருந்த அணியைத் திறந்து பார்த்தேன். பாதி வேகச் செறிவை இரண்டு மடங்காக்கினால் உச்ச வேகமும் கூடவே ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, நான்கு மடங்காக்கினால் அதுவும் நான்கு மடங்கு. இரண்டும் கைகோத்துக்கொண்டு முடிவிலியை நோக்கி நடக்கின்றன! காரணம் எளிது. செறிவுகள் எல்லாமே வளைவு தொடங்கும் முன்பே நின்றுவிட்டன. அந்தப் பகுதியில் வேகம் கிட்டத்தட்ட நேர்கோடு, அந்தக் கோட்டின் சாய்வு இரண்டு பாராமீட்டர்களின் விகிதம் மட்டும்தான். ஆக, இந்தத் தரவுக்கு விகிதம் தெரியும், தனித்தனியாக எதுவும் தெரியாது. வால்ட் இடைவெளி இதைச் சொல்லவே சொல்லாது, அதற்கு உச்சியில் இருக்கிற வளைவு மட்டும்தான் தெரியும், தூரத்தில் மலை சமவெளியாகிப் போவது தெரியாது. மறுபடியும் அதிக செறிவில் அளவெடுக்கச் சொல்லி அனுப்பினேன். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஆரிலேயே எல்எம்இ4 பேக்கேஜ், கலப்பு மாடல்களுக்கு, அதாவது குழுக்களுக்கு நடுவே இருக்கிற வேறுபாட்டையும் ஒரு வேரியன்ஸாக வைக்கும் மாடல்களுக்கு. இங்கேயும் 'கான்ஃபின்ட்' கேட்டால் முதலில் வருவது புரொஃபைல்தான், வால்டும் பூட்ஸ்ட்ராப்பும் (தரவைத் திரும்பத் திரும்ப உருவாக்கிப் பொருத்திப் பார்க்கும் முறை) கேட்டால் கிடைக்கும். வால்ட் கேட்டால் வேரியன்ஸ் பாராமீட்டர்களுக்கு இடைவெளியே தராமல் வெற்றிடமாக விட்டுவிடுகிறது. சிலருக்கு இது எரிச்சலாக இருக்கலாம், எனக்குச் சரியென்றே படுகிறது, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுவது நல்லதுதானே. வரைபடங்கள் அருமை. லைக்லிஹுட் இறக்கத்தின் வர்க்கமூலத்தைக் குறியோடு எடுத்து, ஸீட்டா என்று பெயர் வைத்து வரைகிறது. கோடு நேராக இருந்தால் வால்டே போதும், வளைந்தால் போதாது, கண்ணால் பார்த்தே ஒரு நொடியில் தெரிந்துவிடும். பாராமீட்டர்களை ஜோடி ஜோடியாக எடுத்து வரைகிற படமும் உண்டு. குறை என்றால் வேகம். பெரிய தரவு, பத்துப் பதினைந்து பாராமீட்டர்கள் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் முழு மாடலையும் திரும்பப் பொருத்த வேண்டும், ராத்திரி ஓடவிட்டுக் காலையில் வந்து பார்ப்பதுதான் வழி. பல கோர்களில் பிரித்து ஓட்டும் வசதி இருக்கிறது, அதை மறக்காமல் போட்டுவிடுங்கள். அப்புறம் பாராமீட்டர் பெயர்கள் '.சிக்01', '.சிக்02' என்று வரும், எது எது என்று குழம்பிப் போகும். பழைய பெயர்கள் வேண்டாம் என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தால் புரிகிற பெயர்கள் வரும், இதையே இயல்பாக வைத்திருக்கலாம் என்பது என் ஆசை.

இந்தப் பேக்கேஜில் ஒரு பிழைச்செய்தி உண்டு, "புரொஃபைல் செய்யும்போது இன்னும் குறைந்த டீவியன்ஸ் கிடைத்துவிட்டது" என்று சொல்லி நின்றுவிடும் (டீவியன்ஸ் குறைந்தால் லைக்லிஹுட் கூடுகிறது என்று அர்த்தம்). முதல் தடவை அதைப் பார்த்தபோது அனுமதி அளவைக் கூட்டி அதை வாயடைத்துவிட்டு மேலே போனேன், அது தப்பு. அந்தச் செய்திக்கு அர்த்தம் இதுதான்: நாம் உச்சி என்று நினைத்துக்கொண்டிருந்த இடம் உச்சியே இல்லை. பக்கத்தில் நடந்து பார்க்கும்போது அதைவிட உயரமான இடம் தட்டுப்பட்டிருக்கிறது. அப்போது வேறு தொடக்க மதிப்புகளிலிருந்தும் வேறு ஆப்டிமைசரிலும் (உச்சியைத் தேடும் நிரல்) ஓட்டிப் பார்த்ததில் ஒரு மாறியின் குணகம் நன்றாகவே மாறியது. முதலில் பொருத்திய மாடல் எந்த எச்சரிக்கையும் தராமல் அமைதியாக முடிந்திருந்தது. புரொஃபைல் போடாமல் இருந்திருந்தால் அந்தத் தவறான எண்ணோடுதான் அறிக்கை போயிருக்கும்.

இதே விஷயத்தை பிபிஎம்எல்இ என்கிற ஆர் பேக்கேஜ் இன்னும் நாகரிகமாகச் செய்கிறது. பென் போல்கர் எழுதியது. நாமே எழுதுகிற எந்த நெகட்டிவ் லாக் லைக்லிஹுட் ஃபங்ஷனையும் கொடுக்கலாம், புரொஃபைல் செய்யும்போது மேலான தீர்வு கிடைத்தால் அங்கேயே நிறுத்தி, "முதல் பொருத்தம் முடிவுக்கு வந்திருக்கவில்லை" என்று சொல்லி அந்தப் புதிய பொருத்தத்தையே கையில் கொடுத்துவிடும். படத்தில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி இரண்டு கைகள் வரும், 50, 80, 90, 95, 99 சதவீத எல்லைகளையும் அதிலேயே கோடு போட்டுக் காட்டும். கை நேராக இருக்கிறதா, வளைகிறதா, நடுவில் உடைகிறதா, எல்லாம் ஒரே பார்வையில். உடைந்திருந்தால் ஆப்டிமைசர் எங்கோ மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஸ்ப்லைன் வழியாக முனை கண்டுபிடிப்பது, நேரடியாக மூலம் தேடுவது, உச்சியின் வளைவை வைத்துத் தோராயமாகப் போடுவது என்று மூன்று வழியும் இருக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வேன், தன் கையால் லைக்லிஹுட் எழுதி அதன் புரொஃபைலைப் பார்ப்பதுபோல் வேறெதுவும் புரியவைக்காது.

டிஎம்பி, இதுவும் ஆர் பேக்கேஜ்தான், பெரிய மாடல்களுக்கு. ரேண்டம் எஃபெக்ட்களை, அதாவது குழுவுக்குக் குழு மாறும் விளைவுகளை, லாப்லாஸ் தோராயத்தில் தொகையிட்டு எடுத்துவிடுகிறது, டெரிவேட்டிவ்களைத் தானே கணக்கிடுகிறது, அதனால் மற்றவற்றில் மணிக்கணக்கில் ஓடுவது இதில் சீக்கிரம் முடிகிறது. 'டிஎம்பிபுரொஃபைல்' உச்சியிலிருந்து 2 அலகு இறங்கும் வரை நடக்கும், 1.92க்குச் சற்றுத் தள்ளி. அதனால் 95 சதவீதம் கிடைக்கும், 99 வேண்டுமானால் அந்த எண்ணை நாம்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். இதன் பெரிய பலம், ஒற்றைப் பாராமீட்டரை மட்டுமல்ல, பல பாராமீட்டர்களின் நேரியல் சேர்க்கையையும் புரொஃபைல் செய்யலாம். இரண்டு குணகங்களின் வித்தியாசத்துக்கு இடைவெளி வேண்டும் என்பது எத்தனை அடிக்கடி வருகிற தேவை! மற்ற பேக்கேஜ்களில் அதற்காக மாடலையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். நான் மேலே சொன்ன குறுக்குவெட்டும் இதில் ஒரு ஆப்ஷனாக இருக்கிறது, 'ஸ்லைஸ்' என்று. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து பாருங்கள், பாராமீட்டர்கள் எவ்வளவு பின்னியிருக்கின்றன என்பது இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் தெரிந்துவிடும்.

எஸ்ஏஎஸ், ஸ்டேட்டா என்கிற வேறு இரண்டு புள்ளியியல் மென்பொருள்கள் பற்றிச் சுருக்கமாக. எஸ்ஏஎஸ்ஸின் லாஜிஸ்டிக் புரொசீஜரில் ஆட்ஸ் ரேஷியோவுக்குப் புரொஃபைல் இடைவெளி வேண்டும் என்று ஒரு ஆப்ஷன் போட்டால் தரும், போடாவிட்டால் வால்ட். 1988இல் வென்சன், மூல்காவ்கர் வெளியிட்ட வழிமுறைப்படி முனைகள் இரண்டையும் நேராகத் துரத்திப் பிடிக்கிறது. வேகமானது, நம்பகமானது. ஆனால் நான் தேடுகிற பாதை இதில் கிடையாது, இரண்டு எண்கள் மட்டும்தான். ஸ்டேட்டாவில் பேட்ரிக் ராய்ஸ்டன் எழுதிய 'பிஎல்எல்எஃப்' என்கிற கட்டளையைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும், அது கோட்டையும் வரைந்து தரும்.

பைத்தானில் வேலை செய்கிறவர்களுக்கு, ஸ்டாட்ஸ்மாடல்ஸ் என்கிற பேக்கேஜில் வழக்கமாக வரும் இடைவெளி வால்ட் வகைதான் என்பதை நினைவில் வையுங்கள். புரொஃபைல் வேண்டுமென்றால் நான் போவது ஐமினியூட்டுக்கு. செர்னில் துகள் இயற்பியலுக்காக எழுதப்பட்ட மினியூட் என்கிற பழைய நிரலின் பைத்தான் வடிவம் இது, ஜேம்ஸும் ரூஸும் 1975இலேயே அதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். அதில் 'மைனோஸ்' என்பதுதான் புரொஃபைல் முறையில் மேலே ஒரு பிழை, கீழே ஒரு பிழை என்று சமமில்லாத இடைவெளி தருவது. ரொம்ப உறுதியான நிரல், மோசமான ஃபங்ஷன்களையும் சமாளிக்கிறது. ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். 'புரொஃபைல்' என்று பெயர் இருப்பது மற்றவற்றை நகரவிடாத வெறும் குறுக்குவெட்டு, நமக்கு வேண்டியது 'எம்என்புரொஃபைல்'. அடுத்து, நெகட்டிவ் லாக் லைக்லிஹுட் கொடுத்தால் 'எரர்டெஃப்' 0.5 என்று வைக்க வேண்டும், 1 என்பது லீஸ்ட் ஸ்கொயர்ஸுக்கு. 1ஐ விட்டுவிட்டால் இடைவெளி ஏறக்குறைய 1.4 மடங்கு அகலமாக வரும், எந்தச் சத்தமும் இல்லாமல். மூன்றாவது, இயற்பியல்காரர்கள் வழக்கப்படி சும்மா கேட்டால் 68 சதவீத இடைவெளிதான் வரும், 95 வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

இத்தனை பாராட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தொடக்கத்தில் சொன்ன ஐந்து எண்களுக்குத் துல்லியமான இடைவெளியையே போட முடியும், அது 0.45 முதல் 10.3 வரை. புரொஃபைல் சொன்னது 4.75 வரை. வால்டைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் மேல்முனை பாதிக்கும் குறைவு! சராசரியை நகரவிட்டு உயரமான இடத்தைப் பிடிக்கும்போது, அந்தச் சராசரியும் இதே ஐந்து எண்களிலிருந்துதான் வந்தது என்பதற்கான விலையைப் புரொஃபைல் கணக்கில் சேர்ப்பதில்லை. வேண்டாத பாராமீட்டர்கள் கூடக் கூட இது மோசமாகும். 1948இல் நெய்மனும் ஸ்காட்டும் காட்டிய உதாரணத்தில், ஜோடி ஜோடியாக அளவெடுத்து ஒவ்வொரு ஜோடிக்கும் தனிச் சராசரி வைத்தால், எத்தனை லட்சம் ஜோடிகள் சேர்த்தாலும் வேரியன்ஸ் உண்மை மதிப்பின் பாதியில்தான் போய் நிற்கும். எல்எம்இ4 இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டியது, ஆர்இஎம்எல் முறையில் (வேரியன்ஸ் குறைவாக வருவதைத் திருத்தும் முறை) பொருத்திய மாடலைக் கொடுத்தாலும் புரொஃபைலுக்காக அதைச் சாதாரண மேக்ஸிமம் லைக்லிஹுட்டுக்கு மாற்றிக்கொண்டுதான் தொடங்கும். குழுக்கள் ஆறு ஏழு மட்டும் இருக்கிற தரவில் வேரியன்ஸின் மேல்முனையைக் குறைத்துக் காட்டும் வாய்ப்பு உண்டு, அங்கே நான் பூட்ஸ்ட்ராப்பும் சேர்த்து ஓட்டுகிறேன். வேரியன்ஸ் 0ஆக இருக்கலாமா என்று சோதிக்கிற இடத்திலும் 3.84 என்கிற எல்லை பொருந்தாது, பாராமீட்டர் விளிம்பில் நிற்பதால் 5 சதவீதச் சோதனைக்கு 2.71தான் சரி, செல்ஃப், லியாங் 1987இல் எழுதியது. நான் பார்த்த வரையில் புரொஃபைல் வெளியீட்டிலேயே இதை நினைவூட்டும் மென்பொருள் எதுவும் இல்லை. ஒரு வரி போதும், யாராவது சேர்க்க வேண்டும்.

நொதிக் கதையை விட்ட இடத்துக்கு வருகிறேன். அதிக செறிவில் இன்னும் சில அளவீடுகள் வந்தன. பழைய தரவோடு சேர்த்து அதே மாடல், அதே 'புரொஃபைல்' கட்டளை. படுத்துக் கிடந்த வலது கை இறங்க ஆரம்பித்து, 1.92ஐத் தாண்டிப் போனது. பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே படத்தில் வரைந்து, அறிக்கையில் இடைவெளி அட்டவணைக்கு மேலே வைத்தேன்.